கொட்டகை இருந்த தூரம்

1974 மார்ச் ஏழாம் தேதி, பகல் பதினொன்று நாற்பதுக்கு, யோர்வோம் கிராமத்து ஓடுதளத்துக்கு மூன்று கிலோமீட்டர் தெற்கே ஒரு அன்னுஷ்கா மேட்டுச் சரிவிலிருந்த மரங்களில் மோதி விழுந்தது. அப்போது பனி பெய்துகொண்டிருந்தது. அன்னுஷ்கா என்பது இரட்டை இறக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட ஆன்-2 விமானத்துக்கு எல்லோரும் வைத்திருக்கும் செல்லப் பெயர். ரஷ்யாவின் வடக்கே பெச்சோரா ஆற்றின் கிளையாறுகளில் இருக்கும் ஊர்களுக்கு அதுதான் பஸ், தபால் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம். அன்று அதில் ஒன்பது பயணிகள் இருந்தார்கள். கிராமக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் இறந்துபோனார். துணை விமானி தீரினும் இறந்தான். அவனுக்கு இருபத்து நான்கு வயது. விமானி பலூயெவுக்கு இரண்டு கால்களும் முறிந்தன.

விசாரணைக் குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவன் ரோமன் கொர்யூனோவ், என்னோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். எஞ்சினைப் பார்க்க ஒரு பொறியாளர் வந்திருந்தார். வானிலை, வானொலி, ஓடுதளம் ஆகியவை என் பொறுப்பு. பொறியாளர் ஒன்றரை நாளில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மரத்தில் மோதும்வரை எஞ்சின் ஓடியிருந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலக்கவில்லை, இறக்கையில் பனிக்கட்டி படியவில்லை, பாரமும் அளவுக்குள்தான்.

பதினாறு வருடமாக விபத்துக் கோப்புகளைப் படித்துவந்தவன் நான். அன்னுஷ்கா தானாக விழுவது அபூர்வம். நூறு கிலோ என்று எழுதிவிட்டு இருநூறு கிலோ மீனை ஏற்றியிருப்பார்கள். பட்டியலில் பெயரே இல்லாத ஒருவன், பெரும்பாலும் விமானியின் உறவுக்காரன், வால் பக்கம் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் துடுப்பில் மாட்டிய கவ்வியைக் கழற்றாமலே ஓட்டியிருப்பார்கள். முன்கண்ணாடியில் உறைபனியைக் கரைப்பதற்கென்று கொடுத்த ஆல்கஹாலை யாரோ குடித்துவிட்டு, அதே கலத்தில் தண்ணீரை ஊற்றி வைத்திருப்பார்கள். இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றை எங்கள் ஆட்கள் வானிலையை 'வரைவது' என்பார்கள். பார்வைத் தூரம் இரண்டாயிரம் மீட்டருக்குக் குறைந்தால் அன்னுஷ்கா வரக் கூடாது என்பது விதி. ஊரே விமானத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும். விமானத் திடலிலிருந்து வானிலை சொல்பவரும் அதே ஊர்க்காரர். கண்ணுக்கு எண்ணூறு மீட்டர் தெரியும். வானொலியில் இரண்டாயிரம் என்று சொல்லிவிடுவார்.

யோர்வோம் திடலில் இருந்தவள் அக்னியா ரோச்செவா. முப்பத்து மூன்று வயது. வானிலை சொல்வது, வானொலி பேசுவது, சீட்டு எழுதுவது, மூட்டைகளை எடை போடுவது, ஓடுதளத்தின் ஓரங்களில் அடையாளத்துக்கு ஊசியிலைக் கிளைகளை நடுவது, எல்லாம் அவள் ஒருத்திதான். மறுநாள் மகளிர் தினம். விமானத்தில் கேக்குகளும் மிமோசா பூக்களும் வந்துகொண்டிருந்தன. அவளுடைய பன்னிரண்டு வயது மகளும் அதில்தான் வந்தாள்; பிழைத்துக்கொண்டாள்.

கொர்யூனோவ் திடல் குடிசையில் வைத்து அவளை விசாரித்தான்.

“பதினொண்ணு இருபதுக்கு என்ன சொன்னீங்க?”

“ரெண்டாயிரம்.”

“எதைப் பார்த்துச் சொன்னீங்க?”

“தூரத்துக் கொட்டகையப் பார்த்து. பார்வைக் குறி அட்டவணையில அதுக்கு ரெண்டாயிரம்னு போட்டிருக்கு. கூரை தெரிஞ்சுது, கதவுப் பக்கம்கூடத் தெரிஞ்சுது. அதுக்கு அப்பால இருக்கிற ஒத்தை மரம் தெரியல, அது நாலாயிரம். அதனால ரெண்டாயிரம்னேன்.”

“ஆயிரத்துச் சொச்சம்கூட இருந்திருக்காதுங்கிறார் பலூயெவ்.”

“அவர் மேட்டுக்கிட்ட இருந்தார். நான் இங்க இருந்தேன்.”

“பொண்ணு லீவுக்கு வர்றா. மறுநாள் பண்டிகை. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பீங்க. எனக்கும் பொண்ணு இருக்கு, எனக்குப் புரியுது.”

“உங்களுக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு வர்ற விமானத்துக்கு எவளாவது வானிலையக் கூட்டிச் சொல்வாளா? குறைச்சுத்தான் சொல்வா. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வெளியே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னேன்.”

கொர்யூனோவ் எழுதிக்கொண்டான். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்: ‘வானிலை குறித்துத் தனக்கே நிச்சயமில்லாததால் இருமுறை வெளியே சென்றதாக ஒப்புக்கொண்டார்.’

தவறு செய்தவரின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தந்தி வந்திருந்தது. இரண்டு பேர் இறந்த வழக்கு. அக்னியாவுக்கு மூன்று வருடமாவது சிறை கிடைக்கும். அன்று புதன்கிழமை.

நான் கொட்டகையை அளக்கப் போனதற்குக் காரணம் சந்தேகம் அல்ல. கோப்பில் ஓடுதளத்தின் வரைபடம் ஒன்று இருக்க வேண்டும். வரைபடத்தில் தூரங்கள் இருக்க வேண்டும். ஐம்பது மீட்டர் எஃகு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அக்னியா கேட்காமலே சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு வந்தாள். வானம் தெளிவாக இருந்தது. வெறும் வெள்ளைப் புல்வெளி. நடுவில் தொட்டுப் பார்க்க ஒரு புதர்கூட இல்லாததால் எது எவ்வளவு தூரம் என்று கண் சொல்லாது. நான் முன்னால் போய்க் குச்சியை நடுவேன், அவள் வந்து பிடிப்பாள். அவள்தான் எண்ணிக்கொண்டு வந்தாள்.

இருபத்தைந்தாவது தடவை நாடாவை நீட்டியபோது அது கொட்டகையை நெருங்கிவிட்டது. இன்னும் பன்னிரண்டு மீட்டர்.

“எங்கயோ எண்ணிக்கைய விட்டுட்டேன்” என்றாள்.

அவள் விடவில்லை. நானும் மனதுக்குள் எண்ணியிருந்தேன். 1262 மீட்டர். திரும்பிப் போகும்போது மறுபடி அளக்கலாம் என்றேன்.

கொட்டகைக்குள் கூட்டுப் பண்ணையின் மேஸ்திரி சோசிமா வோக்குயேவ் சறுக்குவண்டியில் புல் ஏற்றிக்கொண்டிருந்தான். சுவர்க் கட்டைகளின் முனையில் கோடரி வெட்டுகள் வரிசையாக இருந்ததைக் கண்டு என்னவென்று கேட்டேன்.

“நம்பரு. பிரிக்கும்போது வெட்டி வைப்போம். எந்தக் கட்டை எங்க உக்காரணும்னு தெரியணுமில்ல?”

“இதைப் பிரிச்சீங்களா?”

“பின்னே? ஆத்துத் தண்ணி வருஷா வருஷம் கரையத் தின்னுக்கிட்டே வந்துச்சு. இன்னொரு வெள்ளம் விட்டிருந்தா கொட்டகை கடலுக்குப் போயிருக்கும். பிரிச்சு, டிராக்டர்ல இழுத்தாந்து, இங்க மறுபடி அடுக்கிட்டோம். ஒரு கட்டை மாறல.”

“சோசிமா மாமா, எங்கேர்ந்து இழுத்தாந்தீங்க?” என்று கேட்டாள் அக்னியா.

அவன் கையுறையோடு ஆற்றுப் பக்கம் காட்டினான். “அதோ, அந்த வளைவுலேர்ந்து. நீ வர்றதுக்கு முன்னால.”

“ஆனா எல்லாரும் தூரத்துக் கொட்டகைன்னுதானே சொல்றீங்க?”

“தூரத்துக் கொட்டகைதானே இது? கிட்டத்துக் கொட்டகை பால் பண்ணைக்குப் பின்னால இருக்கு. இழுத்துட்டு வந்தா பேரு மாறிடுமா?”

“யாருக்காவது சொன்னீங்களா?” என்றேன் நான். “இது விமானக்காரங்களோட அடையாளம்.”

“யாருக்குச் சொல்றது? கொட்டகை எங்களோடது, புல்லு எங்களோடது. விமானக்காரங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அறுப்புக்குக் கூப்பிட்டிருப்போமே.”

“எந்த வருஷம் மாத்தினீங்க?”

“எழுபத்தொண்ணு மார்ச்.”

“நிச்சயமா?”

“என் ரெண்டாவது பையன் பொறந்த வாரம். கடைசிக் கட்டைய ஏத்தி வச்சுட்டுத்தான் போய்ப் பார்த்தேன். பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறா.”

திரும்பும்போது மறுபடி அளந்தோம். அதே 1262. பாதி வழியில் அக்னியா குச்சியை நட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

“வெனியமின் சவேலிச், நான் எழுபத்தொண்ணு ஆகஸ்ட்ல வேலைக்கு வந்தேன். எனக்கு முன்னால இருந்த பெலகேயா அட்டவணையத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. இருபது வருஷம் கண்ணாலயே சொல்லிட்டுப் போயிட்டா. நான் மேலாத்து ஊர்க்காரி. எனக்கு அட்டவணைதான் தெரியும்.”

“தெரியும்.”

“எழுபத்திரண்டு செப்டம்பர்ல நீங்க ஆய்வுக்கு வந்தீங்க. ‘பார்வைக் குறிகள் நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டன’ன்னு பதிவேட்டுல எழுதினீங்க. எப்போ அளந்தார்னு யோசிச்சேன். வானத்துலேர்ந்தே அளக்கற கருவி ஏதாவது இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு.”

“அப்படிக் கருவி ஒண்ணும் இல்ல.”

“அப்போ எப்பிடி அளந்தீங்க?”

“அளக்கல. விமானம் எஞ்சினை நிறுத்தாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாப்பது நிமிஷம்தான் இருந்தேன். நீங்க மீன் அப்பம் சுட்டு வச்சிருந்தீங்க. சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போட்டேன்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாடாவில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“தினமும் ஆறு தடவை. ரெண்டரை வருஷம். அத்தனை தடவையும் தப்பா சொல்லியிருக்கேன்.” பிறகு சொன்னாள்: “தீரின் ஒவ்வொரு தடவையும் தபால் மூட்டையத் தூக்கிப் போட்டுட்டு, ‘அக்கா, நாளைக்கு எனக்கு வெயில் போடு’ன்னு கத்திட்டுப் போவான். அவன் தலைக்கு மேல நான் போட்டது இதுதான்.”

நான் குனிந்து குச்சியைப் பிடுங்கினேன்.

“இதைச் சொல்லுவீங்களா? ஏன் கேக்கறேன்னா, நீங்க சொல்லலேன்னா நான்தான் சொல்லணும். என்னை எவன் நம்புவான்?”

கொர்யூனோவிடம் பேசுகிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கொர்யூனோவ் முட்டாள் அல்ல. 1262 என்று சொன்னதுமே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டான். 738 மீட்டர் குறைவு. மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம்.

“பதினெட்டு விநாடி. பலூயெவ் மேட்டப் பார்த்துட்டுத் திரும்பியிருப்பான்.” பிறகு பதிவேட்டை இழுத்து 72 செப்டம்பர் பக்கத்தைத் திறந்தான். கடைசி வரியின் மேல் விரலை வைத்தான். “வெனியா, இது உன் கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

“கொட்டகைய எப்போ மாத்தினாங்க?”

“எழுபத்தொண்ணு மார்ச்.”

“எழுபத்துமூணு மார்ச்னு இருக்கட்டும்.”

அவன் வோக்குயேவை வரவழைத்துக் கேட்டான். வோக்குயேவ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எந்த வருஷம் வேணுமோ போட்டுக்கங்க. என் பையனோட வயசை மட்டும் யாரும் கேக்காதீங்க, அவன் தனக்கு மூணு வயசு முடிஞ்சுதுன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரியறான்.”

அவன் போன பிறகு கொர்யூனோவ் கதவைச் சாத்தினான்.

“பாரு. அந்தப் பொம்பளைக்கு ஜெயில் இல்ல, அட்டவணை தப்பு, அவ என்ன பண்ணுவா? உனக்கும் ஒண்ணுமில்ல, நீ அளந்தப்ப கொட்டகை பழைய இடத்துல இருந்துச்சு. பண்ணைக்கு ஒரு கண்டனக் கடிதம் போகும், அதை வச்சு அடுப்பு பத்த வைப்பாங்க. செத்தவங்க எப்பிடியும் திரும்பி வரப் போறதில்ல. யாருக்குய்யா நஷ்டம்?”

இப்போதும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால், அவன் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நானே எழுதினேன்: ‘கடைசி ஆய்வுக்குப் பின், 1973 மார்ச்சில், முன்னறிவிப்பின்றி இடம் மாற்றப்பட்ட கொட்டகை...’ எழுத்து நன்றாகவே வந்தது.

ஆய்வுத் தேதியைச் சரியாகப் போடுவதற்காகப் பயணக் குறிப்பேட்டைத் திறந்தேன். 72 செப்டம்பர்: ஒன்பது நாள், பதினான்கு திடல்கள். முதல் இரண்டில் நாடா பிடித்து அளந்தது நினைவிருக்கிறது. வெயில் இருந்தது, அவசரம் இல்லை. மூன்றாவது திடலில் மழை. அதற்குப் பிறகு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பன்னிரண்டு பதிவேடுகளில் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். யோர்வோம் அவற்றில் ஒன்று.

கொட்டகை 73இல் மாறியது என்றால் 72இல் என் ஆய்வு சரி. ஆய்வு சரி என்றால் மற்றப் பதினொரு திடல்களிலும் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இந்த நாட்டில் எந்தக் கட்டடத்தையும் பிரித்து வேறிடத்தில் அடுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும்; என் மாமனார் வீடே அப்படி வந்ததுதான். அந்தப் பதினொரு இடங்களிலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒருவர் கதவைத் திறந்து வெளியே பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். அதைக் கேட்டு விமானம் கிளம்பும்.

மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு எல்லாத் திடல்களும் ஒரே அலைவரிசையில் வானிலை சொல்லும். எழுதிய காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுத் திடல் குடிசைக்குப் போனேன். அக்னியா கேட்பொறியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வானிலைத் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்க பேரோடயா படிக்கணும்?”

“பேரோடதான்.”

கொர்யூனோவ் மேல்சட்டைப் பொத்தான்களைப் போடாமலே ஓடி வந்திருந்தான். வாசலில் நின்றான்.

“வெனியா, தலைவன் ஒப்புக்கலேன்னா உறுப்பினர் தனிக் கருத்து எழுதிச் சேர்க்கலாம். விதியிலயே இருக்கு. எழுது, நாளைக்கு உக்காந்து பேசுவோம். இது எதுக்கு?”

“காகிதத்துல எழுதினா நீ பேசியே என்னைக் கிழிக்க வச்சுடுவே, ரோமன்.”

“இதை வானொலியில விட்டா நான் என்ன பண்ண முடியும்?”

“அதுக்குத்தான்.”

அவன் இரண்டடி எடுத்து உள்ளே வந்தான். அக்னியா ஒரு கையால் பேசுபொறியின் பொத்தானை அழுத்தி, மறு கையைத் தூக்கி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அவன் நின்றுவிட்டான். வானொலியில் ஆள் பேசும்போது குறுக்கே பேசாத பழக்கம் எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது.

“எல்லாத் திடல்களுக்கும், யோர்வோம் பேசுது. பார்வைக் குறிகள் அனைத்தையும் நாளைக் காலை விமானங்களுக்கு முன் நாடாவால் அளக்கவும். எழுபத்திரண்டாம் ஆண்டு ஆய்வில் அவை அளக்கப்படவில்லை. ஆய்வாளர் வெனியமின் சவேலிச். கேட்டவங்க பதில் சொல்லுங்க.”

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகப் பெற்றுக்கொண்டோம், பெற்றுக்கொண்டோம் என்றார்கள். ஏழாவதாக ஒரு கிழட்டு ஆண் குரல் வந்தது.

“யோர்வோம், திரும்பச் சொல்லு. அளக்கலையா? என் பதிவேட்டுல அளந்ததா கையெழுத்து இருக்கேம்மா. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேனே.”

அக்னியா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“நின்னுக்கிட்டிருந்தீங்கல்ல? அவர் அளந்ததைக் கண்ணால பார்த்தீங்களா?”

இரைச்சல்.

“...இல்ல.”

“அப்போ அளங்க.”

கொர்யூனோவ் பெஞ்சில் உட்கார்ந்து பொத்தான்களைப் போடத் தொடங்கினான். “உன்னை ஏப்ரலுக்குள்ள வேலையிலேர்ந்து தூக்கிடுவாங்க” என்றான். கோபம் இல்லை, கால அட்டவணை சொல்வதுபோலச் சொன்னான். அவன் சொன்னது சரிதான், ஏப்ரல் இருபதாம் தேதி தூக்கினார்கள். இப்போது சரக்குக் கிடங்கில் எடை பார்க்கிறேன்.

மறுநாள் மாலைக்குள் பதினொரு திடல்களிலிருந்தும் அளவுகள் வந்துவிட்டன. மூன்றில் தவறு. ஒன்றில் நூறு மீட்டர் வித்தியாசம், பெரிதில்லை. இன்னொன்றில் ஒரு குளியல் வீட்டை உரிமையாளன் கிழக்கே நகர்த்தியிருந்தான். மூன்றாவதில் இரண்டாயிரத்துக்கான குறி செங்கல் சூளையின் புகைபோக்கி. அதை 69ஆம் வருடமே இடித்துவிட்டார்கள். ஐந்து வருடமாகப் பதிவேட்டில் ‘புகைபோக்கி தெரிகிறது’ என்று இருந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டபோது, “அது இருந்த இடம் தெரிஞ்சுது, அதனால எழுதினேன்” என்றானாம் அந்த ஆள்.

இறுதி அறிக்கையில் முதல் காரணம் விமானி பலூயெவ் திரும்ப முடிவெடுக்கத் தாமதித்தது. அதுவும் பொய்யில்லை; பனி அடர்ந்தபோதே அவர் திரும்பியிருக்கலாம். பார்வைக் குறிகளின் தூரம் ஐந்தாவது காரணமாக ஒன்றரை வரியில் இருக்கிறது. பிறகு நான் எழுதிக் கொடுத்த தனிக் கருத்தைக் கோப்பின் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். கொர்யூனோவ் அதன் மேல் மூலையில் ‘படித்தேன்’ என்று எழுதித் தேதி போட்டிருக்கிறான்.

அக்னியா மீது வழக்குப் போடவில்லை. வேலையிலும் நீடித்தாள். புதிய அட்டவணையில் கொட்டகைக்கு 1260 என்று போட்டு, இரண்டாயிரத்துக்கு வோக்குயேவின் ஆட்களை வைத்து ஒரு கம்பம் நட்டு அதில் கறுப்புத் தார் பூசினாள். அளந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட அந்த வருடம் முழுக்க யாரும் வரவில்லை. அந்தக் கட்டத்தை அவள் காலியாகவே விட்டு வைத்திருந்தாள்.